தோல்விக்குக் காரணம் ஒழுக்கக் குறைவு அல்ல

"டிரேடிங்ல தோக்கிறவனுக்கு அறிவு பத்தாம இல்லைங்க, டிசிப்ளின்தான் பத்தறதில்லை." தமிழில் தினசரி வணிகம் கற்றுக்கொடுக்கும் ஒரு பெருந்தொழிலே இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. ஸ்டாப்லாஸ் போடு. ஒரு டிரேடில் மூலதனத்தின் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழக்காதே. ஒரு ரூபாய் இழக்கத் துணிந்தால் இரண்டு ரூபாய் லாபத்துக்குக் காத்திரு. ஒவ்வொரு டிரேடையும் நோட்டில் எழுது. பயத்தையும் ஆசையையும் அடக்கு. இப்படி இரண்டு வருஷம் இருந்தால் மாதச் சம்பளம்போல வருமானம் வரும் என்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் பேருந்துக்கு நிற்கும் பையன்கள் பேசிக்கொள்வதும் இதைத்தான். விட்டவர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வதும் இதைச் சொல்லித்தான்.

இந்தக் கருத்து தவறு என்பது என் உறுதியான எண்ணம். வெறும் தவறு என்று விட்டுவிடவும் முடியாது. தோற்றவரை மறுபடி மறுபடி பணம் கட்ட வைப்பது இதுதான்.

இது எங்கள் பக்கத்தில் ஏன் இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொண்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் மழை குறைந்த பூமி. போர்வெல் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. ஆழியாற்றுத் தண்ணீருக்கு ஒவ்வொரு கோடையிலும் காத்திருக்க வேண்டும். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு மலையாளத்தில் நடக்கும் மாநிலத்தில் வேலைக்குப் போட்டியிடுவது எளிதல்ல. எல்லையைத் தாண்டிப் போனால் கோவையில் மில்லும் பட்டறையும், இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒப்பந்தக் கூலியும்தான் கண்ணில் படுகின்றன. இந்த நிலையில் உள்ளங்கையில் இருக்கும் போனில் ஒரு சந்தை திறக்கிறது. அது மொழி கேட்பதில்லை, சிபாரிசு கேட்பதில்லை, மதிப்பெண் பட்டியலும் கேட்பதில்லை. உன் உழைப்பும் கட்டுப்பாடும் போதும் என்கிறது. உழைப்பையும் கட்டுப்பாட்டையும் தவிர வேறு முதல் இல்லாதவனுக்கு இதைவிட மரியாதையான அழைப்பு எங்கிருந்து வரும்? இந்தப் பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று பெரியவர்கள் ஏசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேர்மையாக உழைத்து முன்னேறலாம் என்று நம்பித்தான் அவர்கள் இதற்குள் போகிறார்கள்.

நம்பிக்கை சரியா என்று பார்க்க ஊர்க்கதை வேண்டாம், கணக்கே இருக்கிறது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 ஜூலையில், பங்குகளை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் தனிநபர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022–23 நிதியாண்டில் அவர்களில் 71 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் நஷ்டப்பட்டவர்கள் 76 சதவீதம். ஒழுக்கவாதிகள் இவற்றைவிட உற்றுப் பார்க்க வேண்டிய எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் நஷ்டப்பட்டோர் 80 சதவீதம். பழகப் பழகத் திறமை வரும் என்றால் அதிகம் பழகியவர்கள் குறைவாக இழந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

பின்னால் வரப்போகும் விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர், ஆப்ஷன் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வு 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை எடுத்துக்கொண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், செலவையும் சேர்த்துத் தலைக்குச் சராசரி இரண்டு லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். எல்லாச் செலவும் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம் மட்டுமே. அந்த வணிகர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் தங்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் கீழே என்று அறிவித்தவர்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2024 நவம்பரிலிருந்து ஒப்பந்தத்தின் அளவு பெரிதாக்கப்பட்டது, வாரந்தோறும் ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி ஒரு பங்குச்சந்தைக்கு ஒன்று என்று குறைக்கப்பட்டது. அப்படியும் 2024–25 முழு நிதியாண்டின் கணக்கில் நஷ்டப்பட்டோர் 91 சதவீதம், நஷ்டத் தொகை ஒரு லட்சத்து ஐயாயிரம் கோடிக்கு மேல்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: "அந்தத் தொண்ணூறு பேரும் டிசிப்ளின் இல்லாதவங்க. நாங்க அந்த மீதிப் பத்துப் பேரைப் பத்திப் பேசறோம்."

இந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை குறியீட்டு ஃபியூச்சரில் தினசரி வணிகம் தொடங்கிய ஒவ்வொருவரையும் ஷாக், டி-லோசோ, ஜோவனெட்டி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இடையில் விட்டுப் போனவர்களை ஒதுக்கிவிட்டு, 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களை மட்டும் தனியே எடுத்தார்கள். பொறுமையும் விடாமுயற்சியும் உள்ளவர்கள் என்று நம் ஆசான்கள் புகழ்வார்களே, அவர்கள்தான் இவர்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம். நாள் ஆக ஆகத் திறமை கூடியதற்கான தடயமே கிடைக்கவில்லை. தைவானில் 1992 முதல் 2006 வரையிலான பரிவர்த்தனைகளை வைத்து பார்பர், ஓடியன் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் பெரியது. செலவு போகத் தொடர்ந்து லாபம் எடுக்கும் திறன் உள்ளவர்கள் அங்கே ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். அந்தச் சிறு கூட்டம் உண்மையிலேயே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு வாய்த்ததை மீதிப் பேருக்குப் பாடத்திட்டமாக விற்பது எந்த நியாயம்?

ஏன் இப்படி ஆகிறது என்ற காரணம் ஒழுக்கவாதத்துக்குள் எங்கும் இல்லை. அது விலையின் தன்மையிலும் செலவிலும் எதிராளியிடத்திலும் இருக்கிறது.

அவர்களுடைய மிகப் பெரிய மந்திரமான 'ஒன்றுக்கு இரண்டு' விதியை எடுத்துக்கொள்வோம். நூறு ரூபாயில் வாங்குகிறீர்கள். 99-க்கு இறங்கினால் விற்று வெளியேற ஸ்டாப்லாஸ், 102-க்கு ஏறினால் விற்று லாபம் எடுக்க டார்கெட். மூன்று முறையில் ஒரு முறை ஜெயித்தாலே போதும், முதல் தேறிவிடும் என்று வகுப்பில் சொல்வார்கள். கணக்கு சரி. ஆனால் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாத விலையில், 99-ஐத் தொடும் முன் 102-ஐத் தொடும் வாய்ப்பும் சரியாக மூன்றில் ஒன்றுதான். மூன்று டிரேடில் ஒன்று இரண்டு ரூபாய் தரும், மற்ற இரண்டும் தலா ஒரு ரூபாய் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பூஜ்யம். ஒன்றுக்கு மூன்று என்று வைத்தால் ஜெயிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றாக இறங்கும். மிச்சம் அப்போதும் பூஜ்யம். விலையின் போக்கை மற்றவர்களுக்கு முன்னால் அறியும் அனுகூலம் ஏதாவது உங்களிடம் இருந்தால் ஒழுக்கம் அதைக் காப்பாற்றும். இல்லாத அனுகூலத்தை அது உண்டாக்காது. இரண்டு சதவீத விதியும் அப்படித்தான்: பணம் கரையும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே.

அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் செலவு கழிகிறது. தள்ளுபடி புரோக்கர்கள் பலரும் ஓர் ஆப்ஷன் ஆர்டருக்கு இருபது ரூபாய் வாங்குகிறார்கள். ஒருவர் தினம் ஐந்து முறை வாங்கி விற்கிறார் என்று வையுங்கள். பத்து ஆர்டர், இருநூறு ரூபாய், ஜிஎஸ்டி 36. ஒரு நாளைக்கு 236 ரூபாய். வருஷத்தில் 240 நாள் உட்கார்ந்தால் 56,640 ரூபாய். பத்திரப் பரிவர்த்தனை வரி, பங்குச்சந்தைக் கட்டணம், முத்திரைத்தாள் கட்டணம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாயோடு தொடங்குகிற பையன் நூறு சதவீதத்துக்கு மேல் லாபம் எடுத்தால்தான் புரோக்கரேஜையே கட்டி முடிப்பான். தன் முழு ஒழுக்கத்தையும் திரட்டி ஒரு டிரேடில்கூட விதி மீறாமல் இருந்தாலும் இந்த 56,640 குறையாது. 2021–22 முதலான அந்த மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் கட்டியது சுமார் ஐம்பதாயிரம் கோடி ரூபாய் என்கிறது செபி. ஜெயித்தவர், தோற்றவர் எல்லாரும் கட்டிய பணம் அது.

எதிராளி யார் என்ற கேள்வியை வகுப்புகளில் யாரும் எடுப்பதே இல்லை. ஆப்ஷனில் ஒருவர் லாபம் இன்னொருவரின் நஷ்டம். புதிதாக எதுவும் விளைவதில்லை. 2023–24-இல் தனிநபர்கள் இழந்துகொண்டிருந்தபோது, சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் செலவுக்கு முன் 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள். அந்த லாபத்தில் முறையே 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் தாமாகச் செய்த வணிகத்தில் வந்தது. அந்தக் கணினிகளை மும்பையில் பங்குச்சந்தையின் கணினி இருக்கும் வளாகத்துக்குள்ளேயே வாடகைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்; தேசியப் பங்குச்சந்தை அந்த வசதியை 2010-லிருந்து கொடுக்கிறது. நாட்டுக்கல்லில் தென்னைமரத்தடியில் சிக்னல் தேடி நிற்கும் போனும் அந்தக் கணினியும் ஒரே விலைக்குப் போட்டியிடுகின்றன. மனத்தை அடக்குவதால் இந்தத் தூரம் குறைந்துவிடாது.

எதிராளியின் பலம் எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 ஜூலை 3 அன்று அமெரிக்க வணிக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. எக்ஸ்பைரி நாட்களில் காலையில், வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் பங்குகளைப் பெருமளவில் வாங்கிக் குறியீட்டைத் தூக்கி, ஆப்ஷனில் எதிர்ப்பக்கம் பெரிய நிலை எடுத்து, பிறகு அதே பங்குகளை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயை முடக்கினார்கள். நிறுவனம் இதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது; முடிவு எதுவானாலும் என் வாதம் மாறாது. செபி சொல்வது உண்மையென்றால், அந்தக் காலையில் கேண்டிலைப் பார்த்து, விலை ஏறும் என்று விதிப்படி கால் ஆப்ஷன் வாங்கி, விதிப்படி ஸ்டாப்லாஸ் அடிபட்டு வெளியே வந்தவர் ஒழுக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. செபி சொல்வது தவறென்றாலும், அப்படிப்பட்ட பலத்தோடு ஒரே களத்தில் தனி ஆள் நிற்கிறார் என்ற உண்மை அப்படியே இருக்கிறது.

திறமை எப்படி வருகிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இந்தச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் வண்டியேறுகிறது. மரமேறப் புதிதாக வருகிறவர் பாளையைத் தட்டி, சீவி, கட்டிப் பழகுகிறார். தப்பாகச் சீவினால் பாளை ஊறாது. அடுத்த நாளே தெரிந்துவிடும். சரி செய்தால் ஊறும். மரம் அவரை ஏமாற்றப் பார்ப்பதில்லை, அவர் கற்றுக்கொண்டார் என்பதற்காகத் தன் குணத்தை மாற்றிக்கொள்வதும் இல்லை. அதனால் கைப்பழக்கம் தொழிலாகிறது. சந்தையில் தப்பான முடிவும் லாபம் தரலாம், சரியான முடிவும் நஷ்டம் தரலாம். இன்று பலித்த வழியைப் பத்துப் பேர் கண்டுகொண்டால் நாளை அது பலிக்காது. எதைச் செய்ததால் எது நடந்தது என்று பிரித்தறிய முடியாத இடத்தில் நோட்டில் எழுதி வைப்பது எதைக் கற்றுக்கொடுக்கும்?

திறமை என்று சொல்லித் தப்பிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் வருஷக்கணக்காக நீதிமன்றங்களில் சொன்னது இதையே. ரம்மியில் திறமைக்குப் பெரும்பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. சீட்டில் திறமை இருப்பது உண்மைதான். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இழந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. ஒன்று மற்றொன்றை மறைக்கக் கூடாது.

லாட்டரியைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடைசெய்த பிறகு வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கேரள அரசு 1967-இல் தனித்துறை தொடங்கி நடத்திவரும் இந்த விற்பனைக்கு நான் ஆதரவாளன் அல்ல. கூலிக்காரர் பணம் அதில் போகிறது. ஆனாலும் சீட்டு விற்பவர் யாரும், பரிசு விழாததற்கு உன் மனக்கட்டுப்பாடு போதாததுதான் காரணம் என்று வாங்கியவரிடம் சொல்வதில்லை. டிரேடிங் வகுப்பு அதைச் சொல்கிறது. தோற்றவருக்குப் பணத்தோடு தன்மேல் இருந்த மதிப்பும் போகிறது.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். ஒழுக்கம் என்ற வாதத்தை யாராலும் பொய்யென்று காட்டவே முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். ஜெயித்தால் பாடம் பலித்தது. தோற்றால் மாணவன் பாடத்தை மீறினான். ஒரே ஒரு டிரேடில் ஸ்டாப்லாஸைத் தள்ளி வைத்திருந்தால் போதும், அந்த வருஷத்தின் நஷ்டம் முழுவதும் அவன் கணக்கில் எழுதப்படும். பிறகு அவனே அதை நம்பிவிடுகிறான். மனோதத்துவப் பயிற்சி என்று அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுகிறான். வீட்டில் சொல்லாமல் நகை அடகுக்குப் போகிறது. நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர், அடுத்தடுத்து இரண்டு வருஷம் இழந்த பிறகும், வணிகத்தைத் தொடர்ந்தார்கள் என்று அதே 2024 செப்டம்பர் ஆய்வு சொல்கிறது. தன்னிடம் குறை இருக்கிறது, அதைத் திருத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்தான் இப்படித் தொடர்வான். களமே சாய்வானது என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடுவான்.

கற்றுக்கொடுப்பவர்களின் கதையும் பொதுவெளியில் இருக்கிறது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வகுப்பு நடத்திய முகமது நசிருத்தீன் அன்சாரி மீது செபி 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. பதினேழு கோடிக்கு மேல் வசூல். அதே உத்தரவின்படி, 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வணிகத்தில் நிகர நஷ்டம் 2.89 கோடி ரூபாய். தமிழர்கள் நன்கு அறிந்த பி.ஆர். சுந்தர், பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை வழங்கினார் என்ற வழக்கை 2023 மே மாதத்தில் செபியோடு சமரசம் செய்து முடித்தார். ஆறு கோடி ரூபாய் அளவில் திருப்பிக் கட்டவும் ஒரு வருஷம் சந்தையிலிருந்து விலகியிருக்கவும் ஒப்புக்கொண்டார். அது உரிமம் சம்பந்தப்பட்ட வழக்கு; அவர் வணிகத்தில் ஜெயித்தாரா தோற்றாரா என்பதற்கு அது சாட்சியாகாது. 2025 ஜனவரியில் செபி இன்னொரு கோடு போட்டது: பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் கடைசி மூன்று மாத விலைத் தகவலைக் காட்டிப் பேசக் கூடாது. இதைத் தெரிந்து வைத்திருந்தால், நேரலையில் இன்றைய சார்ட்டைப் போட்டு வகுப்பு நடத்துகிறவர் எந்த வரம்பை மீறுகிறார் என்று யாரும் சொல்லிவிடலாம்.

சந்தையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்பெனியின் பங்கையோ குறியீட்டு ஃபண்டையோ வாங்கிப் பத்து வருஷம் வைத்திருப்பவர் அந்தத் தொழில்களின் வளர்ச்சியில் பங்கு பெறுகிறார். ஏற்ற இறக்கம் அங்கும் உண்டு, ஆனால் எல்லாரும் சேர்ந்தே முன்னேற அங்கே இடமும் உண்டு. காலையில் வாங்கி மாலையில் விற்கும் ஆப்ஷனில் அந்த இடம் கிடையாது.

ஏற்கெனவே இழந்தவர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால், ஃபியூச்சர்–ஆப்ஷன் நஷ்டத்தை எட்டு வருஷம் வரை பின்வரும் தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அன்றாடப் பங்கு வணிக நஷ்டம் ஊக வணிகம் என்று கருதப்படுவதால் நான்கு வருஷம்தான், அதுவும் ஊக வருமானத்தில் மட்டும். வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவதில்லை. நஷ்டத்தைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் ஆர்வமில்லை.

இன்னும் வகுப்பில் சேராத பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைக் கொடுக்கிறேன். மாதம் லட்சம் சம்பாதிக்கிறேன் என்று சொல்கிறவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், யார் வேண்டுமானாலும் அதைச் செய்துவிடலாம். கடைசி மூன்று வருஷத்து ஐடிஆர்-3 படிவத்தைக் கேளுங்கள். தொழில் வருமானம் காட்டுகிறவர்கள் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் அது. டிரேடிங்கில் வந்த வருமானம் எவ்வளவு, வகுப்புக் கட்டணத்தில் வந்தது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். 2023 ஜூலை முதல், ஃபியூச்சர்–ஆப்ஷனில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கையைப் புரோக்கர்கள் தங்கள் செயலியில் காட்டியே ஆக வேண்டும். படித்துவிட்டேன் என்று பொத்தானை அமுக்கினால்தான் உள்ளே போக முடியும். அந்த எச்சரிக்கையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, எங்கள் பஞ்சாயத்து நூலகங்களிலும் கூட்டுறவு வங்கிகளின் நகைக்கடன் கவுன்டரிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்கிறேன். அடகு வைக்க வருகிறவர் கையெழுத்துப் போடும் முன் அதைப் படிக்கட்டும்.